மலையில் பிடித்து ஊரில் சுடும் காய்ச்சல்

போடிநாயக்கனூரில் ஆளைப் படுக்கவைக்கும் காய்ச்சல் எல்லாம் போடிநாயக்கனூரில் பிடித்ததல்ல. காலையில் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்கிவருகிறவர்களும், வாரக்கணக்கில் தோட்டத்து லயத்திலேயே தங்கி வேலை பார்த்துவிட்டு நல்லநாள் பெரியநாளுக்கு வீடு திரும்புகிறவர்களும் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உண்டு. போடிமெட்டுச் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறி, மேலே போனதும் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று வேலைத்தலம் அங்கே. வீடும் வைத்தியமும் இங்கே. இந்தச் சரிவுகளின் நோய் வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கிறபோது ஒன்று துலங்குகிறது. மருத்துவர்களைத் திணறவைத்த காய்ச்சல்களில் பல தம்மளவில் விசித்திரமானவை அல்ல. தொற்றிய இடத்தையும் தொற்றிய நாளையும் பின்னால் விட்டுவிட்டு, வேறோர் ஊரில், வேறொரு தட்பவெப்பத்தில், வேறு நோய்களுக்குப் பழகிய கண்கள் முன்னால் வந்து நின்றதால்தான் அவை விசித்திரமாகத் தெரிந்தன. நோயாளியின் வேலையையும் வேலை பார்த்த இடத்தையும் யாராவது கேட்டபோதெல்லாம் அந்த விசித்திரம் குறைந்திருக்கிறது. கேட்காதபோது, மருந்து இருந்தும் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

1887-இல் பெரியாற்று அணை வேலை தொடங்கியபோது இந்த மலைத்தொடரின் காய்ச்சல் அரசு ஆவணங்களில் பெரிய அளவில் இடம்பிடித்தது. பென்னிகுயிக்கின் தலைமையில் 1895 வரை நடந்த அந்த வேலைக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் ஆட்கள் போனார்கள். காய்ச்சல் மிகுந்த கோடை மாதங்களில் ஒவ்வோர் ஆண்டும் வேலையையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. காட்டுவெள்ளமும் யானைகளும் அந்த அணையின் கதையில் எப்போதும் சொல்லப்படுகின்றன; ஆனால் ஆட்களை நிரந்தரமாக விரட்டியது மலேரியாவும் காலராவும்தான். அந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது அன்று எவ்வளவு கடினம் என்பதை இன்று நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மலேரியா என்றாலே குளிர், நடுக்கம், சூடு, வியர்வை என்று முறைவைத்து வரும் காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. பால்சிபாரம் வகை மலேரியா அந்த முறைக்குக் கட்டுப்படாது. சில நோயாளிகளில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்து, உடல் சில்லிட்டு, நாடி தளர்ந்து, பார்ப்பதற்குக் காலரா போலவே இருக்கும். சிலரிடம் வலிப்பும் நினைவிழப்புமாக மூளைநோய் போலத் தோன்றும். சிலரிடம் கண் மஞ்சளித்துக் காமாலை போல. அல்போன்ஸ் லவெரான் 1880-லேயே அல்ஜீரியாவில் நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். ஆனால் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டது 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில். அணை கட்டி முடித்து இரண்டாண்டுகள் கழித்து. ஆகவே அணைக்கட்டு முகாமின் இறப்புகளில் எது காலரா, எது காலரா வேடத்தில் வந்த மலேரியா என்று எந்தப் பதிவேட்டையும் நம்பி இன்று சொல்ல முடியாது.

நுண்ணோக்கி எட்டாத இடத்தில் நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் இருந்த கருவி கொய்னா. 1860-இல் நீலகிரியில் சின்கோனா மரம் நடப்பட்டு, பின்னர் நடுவட்டத்தில் அரசே கொய்னா தயாரித்து, காசுப் பொட்டலங்களாகத் தபால் நிலையங்களில்கூட விற்றது. கொய்னாவுக்குக் கட்டுப்பட்டால் மலேரியா. கட்டுப்படாவிட்டால் முற்றிய மலேரியா, அல்லது கொடுத்த அளவு போதவில்லை. இந்தத் தர்க்கத்துக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியே வர வழியே கிடையாது, ஏனென்றால் எந்த விடை வந்தாலும் அது மலேரியாவாகவே இருந்துவிடும். அதை உடைத்தது சென்னை. வங்காளத்திலும் அசாமிலும் மண்ணீரல் வீங்கி, மாதக்கணக்கில் காய்ந்து, ஆளைக் கறுக்கவைத்துக் கொன்ற காலா அசாரை ஒருவர் கொக்கிப்புழு நோய் என்றார். இன்னொருவர் வீரியம் மிகுந்த மலேரியா என்றார். 1903-இல் வில்லியம் லீஷ்மன், டம்டம்மில் நோய்ப்பட்டுத் திரும்பி இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்திருந்த நுண்பொருள்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன், உயிருடன் இருந்த நோயாளியின் மண்ணீரலில் ஊசியிட்டு எடுத்த மாதிரியில் அதையே கண்டு, இது மலேரியா அல்ல, தனி ஒட்டுண்ணி என்று காட்டினார். லீஷ்மேனியா டோனோவனி என்று அதற்கு ராஸ் இட்ட பெயரில் இருவருமே இருக்கிறார்கள். காலா அசார் போடிச் சரிவுகளின் நோய் அல்ல. ஆனால் மலேரியா என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் வேறொரு நோய் எத்தனை ஆண்டுகள் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் பக்கத்தில் இல்லை.

மலேரியாவே இன்னொரு வகையிலும் இடம் மாறும். வைவாக்ஸ் வகை, ஒருமுறை காய்ந்து அடங்கியபின் பல மாதம் கழித்துத் திரும்ப வருவது ஏன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் தங்கி வளர்கிறது என்பதை 1948-இல் லண்டனில் காட்டியவர்கள் ஹென்றி ஷார்ட்டும் பெர்சி கார்ன்ஹாமும். ஷார்ட் அதற்கு முன் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். கல்லீரலில் உறங்கிக்கிடக்கும் வடிவம் 1980-களில்தான் உறுதியானது. தோட்ட வேலையை விட்டு இறங்கி, ஊரோடு தங்கிவிட்டவருக்கு, கொசு குறைந்த மாதத்தில் திடீரென்று குளிர்காய்ச்சல் வருவதன் பொருள் அதற்குப் பிறகுதான் விளங்கியது. அதுவரை அது அவரது வீட்டைச் சுற்றியிருந்த சாக்கடையின் கணக்கில் எழுதப்பட்டது. மேற்கு மலைத்தொடரின் அடிவாரங்களில் மலேரியா பரப்பிய அனாபிலிஸ் ப்ளூவியாடிலிஸ் கொசுவோ சாக்கடையில் வளர்வதில்லை. புல் படர்ந்த, மெதுவாக ஓடும் தெளிந்த நீரோடைகளில் வளர்வது. மலையின் சுத்தமான தண்ணீரிலிருந்து வந்த நோய்க்கு ஊரின் அழுக்குத் தண்ணீர் பழி சுமந்தது.

ஆனால் நோய் இடம்மாறித் தோன்றுவது பற்றிய முழுமையான பாடத்தை, தமிழ்த் தொழிலாளர்கள் போய்ச் சேர்ந்த இன்னொரு தோட்டநாட்டில்தான் படிக்க முடிகிறது. 1920-களில் மலாயாவின் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தில் வில்லியம் ஃப்ளெட்சரும் லெஸ்லாரும் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தார்கள். வைல்–பெலிக்ஸ் சோதனை என்பது முதல் உலகப்போர்க் காலத்தில் வந்த எளிய இரத்தச் சோதனை. டைபஸ் நோயாளியின் இரத்தநீர் ஒருவகைப் பாக்டீரியாவைத் திரளவைக்கும். கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த அந்தப் பாக்டீரியா வழியில் மாறியிருந்தது. அது தெரியாமல் சோதித்தபோது, நோயாளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடை, பண்டகசாலை, ஊர்வாசம் என்று இருந்தவர்களின் இரத்தம் பழைய வகையோடு திரண்டது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் புதர் மண்டிய வெளியிலும் வேலை பார்த்தவர்களின் இரத்தம் கிங்ஸ்பரி வகையோடு திரண்டது. அந்த இரண்டாம் வகையே ஸ்க்ரப் டைபஸ். இந்தப் பிரிவினையில் தற்செயலுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது பொருள் பெற்றது, நோயாளிகள் என்ன வேலை செய்தார்கள் என்று ஃப்ளெட்சர் குறித்துவைத்திருந்ததால்தான். பிறகு லூத்வைட்டும் எஸ். ஆர். சவூரும் இந்தத் தோட்டக் காய்ச்சலும் ஜப்பானின் ஆற்றங்கரைகளில் நூற்றாண்டாக அறியப்பட்ட சுட்சுகாமுஷிக் காய்ச்சலும் ஒன்றே என்று நிறுவினார்கள். புதரிலும் புல்லிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது அது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி உடலுக்குள் போய், பெரும்பாலும் பத்து நாள் அளவில் காய்ச்சலாக வெளிப்படும்.

இந்தப் பத்து நாள் இடைவெளி முக்கியமானது. மலையில் கடித்த கடி ஊரில்தான் காய்ச்சலாகும். இரண்டாம் உலகப்போரில் அசாம்–பர்மா எல்லையில் படைகளை வாட்டிய இந்த நோயைப் போருக்குப் பிறகு இந்திய மருத்துவர்களின் அன்றாட நினைவிலிருந்து அகற்றியதில், அதே கோலாலம்பூருக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1948-இல் ஜோசப் ஸ்மாடலின் குழு குளோரம்பெனிகால் மருந்தை அங்கே ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று தவறாகக் கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நோயாளிக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவரும் குணமடைந்தார். டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்தது அப்படித்தான். அதன்பின் 40 ஆண்டுக் காலம் நம் ஊர்களில் நீண்ட காய்ச்சல் என்றால் டைபாய்டு, டைபாய்டு என்றால் குளோரம்பெனிகால். அந்த நோயாளிகளில் ஸ்க்ரப் டைபஸ்காரர்கள் இருந்திருந்தால் அவர்களும் பெயர் தெரியாமலே குணமானார்கள். பிறகு 1972-இல் கோழிக்கோட்டில் குளோரம்பெனிகாலுக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. 1980-களின் இறுதியிலிருந்து எதிர்ப்பு பரவலாகி, மருத்துவர்கள் சிப்ரோப்ளாக்சசினுக்கும் பின்னர் செப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் மாறினார்கள். செப்ட்ரியாக்சோனுக்கு ஓரியன்ஷியா அசையாது. பழைய மருந்து மறைத்துவைத்திருந்த நோயைப் புதிய மருந்து வெளியே விட்டது. காடும் புதரும் வேளாண்மையும் மாறியதும் ஒரு காரணம் என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் மருந்துப் பழக்கத்தின் இந்த மாற்றத்தை விட்டுவிட்டால், நோய் ஏன் 'திடீரென்று' வந்தது என்பதற்கு நிறைவான விளக்கம் கிடைப்பதில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2001 அக்டோபர் முதல் 2002 பிப்ரவரி வரை, காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தவர்களில் 28 பேருக்கு ஸ்க்ரப் டைபஸ் என்று கண்டறியப்பட்டது. தென்னிந்தியாவில் குளிர்மாதங்களில் வரும் நோய் இது என்ற கவனம் அதற்குப் பிறகு வலுப்பட்டது. ஏலக்காய் எடுப்பும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. ஏலச்செடியின் சரம் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்வது; காய் எடுக்கும் பெண்கள் சருகு மூடிய ஈரத்தரையில் குத்தவைத்தோ உட்கார்ந்தோ தூர் தூராக நகர்கிறார்கள். உண்ணிக்கு அதைவிட வசதியான வேலைமுறை இருக்க முடியாது. அது கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு கரும்பொருக்கு விழும். பீடியால் சுட்டது போன்ற வட்டம், வலி கிடையாது, அரிப்பு கிடையாது. ஆடை இறுகும் இடமாகப் பார்த்துக் கடிப்பதால் அது இடுப்பிலும் தொடையிடுக்கிலும் அக்குளிலும் மார்பகத்தின் கீழும் இருக்கும். ஈரமான மடிப்பில் பொருக்கு உதிர்ந்து வெறும் சிறு புண்ணாக நிற்கும். நோயாளிக்கே தெரியாத அந்த அடையாளத்தை, நெரிசல் மிகுந்த புறநோயாளி வரிசையில், திரை மறைவு இல்லாத அறையில், ஆண் மருத்துவர் ஒருவர் தோட்டத் தொழிலாளிப் பெண்ணிடம் தேடுவது நடைமுறையில் எவ்வளவு அரிது என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தேடாதபோது இந்த நோய் எந்த உருவமும் எடுக்கும்: மூச்சுத்திணறலோடு நிமோனியாவாக, குழப்பமும் வலிப்புமாக மூளைக்காய்ச்சலாக, கண் மஞ்சளித்து எலிக்காய்ச்சலாக, தட்டணு குறைந்து டெங்குவாக, சிலரிடம் காது மந்தமாக, சிலரிடம் அறுவைசிகிச்சை வரை கொண்டுபோகும் வயிற்றுவலியாக. வடக்கே கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்ற மூளைக்காய்ச்சலில் கணிசமான பங்கு ஸ்க்ரப் டைபஸுக்கு உண்டு என்று தெரிந்தது 2010-களின் நடுவில்தான். பத்தாண்டுகளுக்கு மேல் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் இன்னதென்று தெரியாத வைரஸ்களையும் தேடியபின் வந்த விடை அது.

இங்கே எழக்கூடிய நியாயமான மறுப்பு ஒன்று: இது பழைய கதை, இன்று சோதனைக்கூடம் இருக்கிறது, நோயாளி எங்கே வேலை பார்த்தார் என்று ஏன் கேட்க வேண்டும்? தேனிக்கருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. மலேரியாவுக்கு விரைவுச் சோதனை, டெங்குவுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் எலைசா. உண்மைதான், இவை உயிர்காக்கும் கருவிகள். ஆனால் சோதனை தானாக எழுந்து நோயாளியிடம் வருவதில்லை. யாரோ ஒருவர் அதை நினைத்து எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதினாலும், ஸ்க்ரப் டைபஸுக்கான எதிர்ப்பொருள் காய்ச்சலின் முதல் நாட்களில் இரத்தத்தில் போதிய அளவு இருக்காது. அப்போது 'இல்லை' என்று வரும் முடிவு நோயை மறைத்துவிடும். போதாததற்கு, ஒன்றுக்கு மேற்பட்ட சோதனையில் 'உண்டு' என்று வந்துவிட்டால் எதை நம்புவது என்பதற்கு எலைசாத் தட்டு விடை சொல்லாது. அந்தத் தீர்ப்புக்கு நோயாளியின் கடந்த மூன்று வாரம் தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலிமையானது. காரணம் எதுவானாலும் சந்தேகக் காய்ச்சலுக்கெல்லாம் டாக்சிசைக்ளின் கொடுத்துவிட்டால் போதாதா? விலை குறைந்த மாத்திரை; ஸ்க்ரப் டைபஸையும் எலிக்காய்ச்சலையும் சேர்த்தே பிடிக்கும். நோய் முற்றிக்கொண்டிருக்கும்போது சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் தொடங்குவது சரியே. தாமதம்தான் இந்த நோயில் ஆளைக் கொல்கிறது. வேலூரை மையமாகக் கொண்டு பல இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான பெரும் ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைபஸில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தநாளத்தில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பயன் தருகிறது என்று காட்டியது. அதாவது நோயின் பெயர் உறுதியானால் சிகிச்சையே மாறுகிறது. குளோரம்பெனிகால் காலத்து அனுபவமும் இதைத்தான் சொல்கிறது: பெயர் தெரியாமல் குணமாக்கிய 40 ஆண்டுகள், நோயாளிகளுக்கு நல்லது செய்தன, அடுத்த தலைமுறை மருத்துவர்களுக்கு ஒரு நோயையே மறக்கடித்தன. டாக்சிசைக்ளின் மட்டும் பால்சிபாரம் மலேரியாவை உரிய வேகத்தில் அடக்காது. இந்தச் சரிவுகளில் காய்ச்சலோடு கலந்து வரும் இன்னொன்றுக்கு அது கொஞ்சமும் உதவாது.

அந்த இன்னொன்று பூச்சிமருந்து. கடந்த 30, 40 ஆண்டுகளில் அதிக விளைச்சல் தரும் ரகங்கள் வந்து ஏலச்சாகுபடி தீவிரமானபோது, காயின் தோலைச் சுரண்டும் இலைப்பேனுக்கும் தண்டு துளைக்கும் புழுவுக்கும் எதிராக மருந்து அடிப்பதும் பெருகியது. இந்தியாவில் மிகுதியாகப் பூச்சிமருந்து வாங்கும் பயிர்களில் ஏலமும் ஒன்றாகிவிட்டது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து தோலில் பட்டும் மூச்சில் ஏறியும் சில மணி நேரத்தில் வேலை காட்டும். மருந்தடித்தவர் ஜீப்பில் இறங்கி வருவதற்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை, எச்சில் ஊறுதல், தசைத்துடிப்பு, மங்கல் பார்வை. சிறிய அளவில் பட்டால் சாப்பாட்டுக் கோளாறு போலவும், பெரிய அளவில் பட்டால் வலிப்புநோய் போலவும் தெரியும். பத்து நாள் இடைவெளியில் காய்ச்சல் தன் பிறப்பிடத்தை மறைக்கிறது என்றால், இது எதிர்த்திசையில், மிக வேகமாக வந்து அன்றைய மத்தியானச் சோற்றின் மேல் பழியைப் போட்டுவிடுகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதைப் பார்க்கும் மருத்துவருக்கு அட்ரோபின் நினைவுக்கு வரும், பார்க்காதவருக்கு வராது. முதல் கட்டம் தாண்டிப் பிழைத்தவர்களிடம் இன்னொரு பொறி இருப்பதை இலங்கையின் மலைநாட்டிலிருந்து பேராதனை மருத்துவர் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987-இல் எழுதினார்கள்: தேறிவிட்டார் என்று நினைக்கும் நோயாளிக்கு ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துவிடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. தேயிலையும் ஏலமும் விளையும் மலைகளுக்குப் பொதுவான இந்த அறிவு, தோட்டத்துக்கு அருகிலிருந்த மருத்துவர்களிடம் பிறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

போடியில் வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவை சாதாரண வைரஸ் காய்ச்சலும் டெங்குவும் சளிக்காய்ச்சலுமாகவே இருக்கும், ஒவ்வொருவரிடமும் மலையைத் தேடுவது வீண் என்று ஒருவர் சொல்லலாம். பொதுவானதை முதலில் நினைப்பதில் தவறில்லை. ஆனால் எது பொதுவானது என்ற கணக்கே, தேடிய இடங்களில் மட்டும் எடுத்த கணக்கு. 1957-இல் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகள் செத்துவிழுந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலை அரை நூற்றாண்டுக்கு மேல் கர்நாடகத்தின் சில மாவட்டங்களுக்கே உரியதாக எல்லோரும் எண்ணினார்கள். 2012-இல் பந்திப்பூரிலும் அதைத் தொடர்ந்து நீலகிரியிலும் வயநாட்டிலும் தேடியபோது அங்கும் இருந்தது. 2015-இல் வயநாட்டில் பலரைத் தாக்கியது. உண்ணியும் குரங்கும் மாநில எல்லையை அறியா.

எல்லை அறிந்தது பதிவேடு. போடிப் பகுதி மதராஸ் மாகாணத்தில் ஜமீனாக இருந்தபோது மேலே திருவிதாங்கூர் அரசு. 1956 மொழிவழிப் பிரிவினைக்குப் பிறகு தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில். 1972-இல் இடுக்கி மாவட்டம், 1996-இல் தேனி மாவட்டம். தேயிலை கோட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறங்கிய காலத்திலும், 1928-இல் மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியபோதும், சரக்கு எந்த மலையிலிருந்து வந்தது என்பது ஒவ்வொரு மூட்டைக்கும் எழுதப்பட்டது. நோயாளிக்கான சீட்டில் பெயர், வயது, பால், ஊர். ஊர் என்ற இடத்தில் வீட்டு முகவரி எழுதப்படுகிறது. போடியென்று எழுதினால் போடியில் கொசுமருந்து அடிக்கப்படும், உடும்பஞ்சோலையில் எந்தத் தோட்டத்தில் உண்ணி இருக்கிறது என்று இடுக்கியின் சுகாதாரத் துறைக்குத் தெரியவராது. வேலை பார்த்த தோட்டத்தின் பெயரும், கடைசியாக அங்கே போன நாளும், என்ன வேலை என்பதும் அதே சீட்டில் மூன்று வரி. இரு மாவட்டச் சுகாதார அலுவலகங்களும் அந்த மூன்று வரியை வாரம் ஒருமுறை பகிர்ந்துகொண்டால் போதும், மலையில் எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எந்த வேலையில் காய்ச்சல் பிடிக்கிறது என்ற வரைபடம் சில பருவங்களுக்குள் உருவாகிவிடும். ஃப்ளெட்சரின் கையில் இருந்தது அவ்வளவுதான்.